படிவத்தில் ஏழே வரி

பெட்டிக்காரர் அளவு நாடாவை அந்த ஆளின் உச்சந்தலையில் வைத்துக் குதிகால் வரை இழுத்தார். "அஞ்சடி ரெண்டங்குலம்" என்று முணுமுணுத்தபடி காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தபோது, அந்த ஆள் கண்ணைத் திறந்தான்.

"ஐயா," என்றான். "நான் இறந்துவிட்டேனா?"

பெட்டிக்காரர் நாடாவைக் கீழே போட்டுவிட்டார். முப்பது வருஷச் சவப்பெட்டித் தொழிலில் எத்தனையோ பேரை அளந்திருக்கிறார். ஒருத்தரும் இதுவரை சந்தேகம் கேட்டதில்லை.

"இல்ல தம்பி. படு. சும்மா ஒரு இதுக்குத்தான்."

பலகை அடுக்குக்குப் பின்னால் வெந்நீரும் கட்டுத்துணியுமாக வந்த மனைவி இதைப் பார்த்துவிட்டாள். "என்னங்க பண்றீங்க?"

"ஏழாவது பெட்டி போடணும்ல? அளவு வேணாமா?"

"உள்ள போடப்போறது மணலு. மணலுக்கு என்னங்க அளவு?"

நியாயமான கேள்விதான். ஆனால் அளவில்லாமல் பெட்டி போட அவருக்குக் கை வராது. குத்துமதிப்பு என்ற வார்த்தையை அவர் வீட்டில் கெட்ட வார்த்தையாகத்தான் வைத்திருந்தார்கள். பக்கத்து ஊர்களில் சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவில் அடுக்கி வைத்து விற்கிறார்களாம். அதைக் கேள்விப்பட்ட அன்று அவர் சாப்பிடவில்லை. மனிதன் வாழும்போதுதான் யாரோ தைத்த சட்டையில் இடுக்கிக்கொண்டு நடக்கிறான், கடைசியாகப் படுப்பதாவது அவனவன் அளவில் இருக்க வேண்டாமா என்பது அவர் கட்சி. ஆகவே ஏழாவது பெட்டிக்கும் ஓர் ஆள் அளவு தேவைப்பட்டது. கைவசம் இருந்த ஆள், துரதிர்ஷ்டவசமாக, உயிரோடு இருந்தான்.

நேற்று விடியற்காலையில்தான் அந்தக் குண்டுவீச்சு விமானம், ஊருக்கு வெளியே நாணல் குளத்துக்கு அந்தப் பக்கம் விழுந்து எரிந்தது. ஊரைப் பிடித்து வைத்திருந்த படைக்கு எதிரி விமானம். அந்தப் படையின் அதிகாரிக்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர் 'கையெழுத்து'. ஒரு முட்டையை எடுத்துப் போனாலும் கையெழுத்து வாங்காமல் போகமாட்டார். ஒருமுறை நடுராத்திரி ஒரு வீட்டுக் கதவை உடைத்துவிட்டு, 'உடைந்த நிலையில் கதவு ஒன்று பெற்றுக்கொண்டேன்' என்று வீட்டுக்காரரிடமே எழுதி வாங்கியவர்.

விமானம் எரிந்து அடங்கியதும் அவர் ரோட்டிலேயே நின்றுகொண்டு, கைக்குட்டையால் மூக்கை மூடியபடி, பெட்டிக்காரரையும் அவர் மச்சானையும் கூப்பிட்டார். மச்சான் என்றால் மனைவியின் தம்பி. ஊரில் ஒரே குதிரை வண்டி அவனுடையது.

"இந்த ரக விமானத்துல ஏழு பேரு வருவாங்க. ஏழையும் எடுத்துட்டு வாங்க."

ஆறு பேர் கிடைத்தார்கள். அவர்களைப் பற்றி அதற்கு மேல் பெட்டிக்காரர் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. ஏழாவது ஆள் சற்றுத் தள்ளி, வாய்க்காலுக்குள், பாராசூட் துணியைக் குழந்தை மாதிரி கட்டிப்பிடித்துக்கொண்டு, கணுக்கால் முறிந்து கிடந்தான். பார்த்தான். மூச்சு விட்டான். மச்சானும் பெட்டிக்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கலந்து பேசவெல்லாம் இல்லை. அவனைத் தூக்கி அந்த ஆறு பேருக்கு நடுவில் படுக்க வைத்து, மேலே தார்ப்பாயை இழுத்துவிட்டார்கள்.

ரோட்டில் கையெழுத்து நிறுத்தினார். "எத்தனை?"

"ஏழு சார்," என்றான் மச்சான். அதில் பொய் ஒன்றும் இல்லை. அதிகாரி எண்ணிக்கையைத்தான் கேட்டார், உடல்நலத்தை விசாரிக்கவில்லை. ஏழு என்று எழுதி, தந்தியும் அடித்துவிட்டார்.

எதிரிக்கு இடம் கொடுக்கும் வீட்டில் ஒருத்தர் பாக்கியில்லாமல் சுடப்படுவார்கள் என்ற அறிவிப்பு பட்டறைக் கதவிலேயே ஒட்டியிருந்தது. அதைப் பெற்றுக்கொண்டதற்குப் பெட்டிக்காரர்தான் கையெழுத்துப் போட்டிருந்தார். மூன்று தலைகள்: அவர், மனைவி, மச்சான். இந்த மூன்றையும் தாண்டி அவர் மனசில் வேறு எதுவும் ஓடவில்லை.

அந்த ஆள் பேசும் பாஷைதான் கூடுதல் தலைவலி. விமானத்தில் ஏறுபவர்களுக்கு, விழுந்தால் உதவுமே என்று, இந்த நாட்டுப் பேச்சைக் கற்றுத்தரும் சின்னப் புத்தகம் ஒன்று கொடுப்பார்களாம். அதை மனப்பாடம் பண்ணி வைத்திருந்தான். எழுதியவர் ஏதோ பள்ளிக்கூட வாத்தியாராக இருக்க வேண்டும். கால் முறிந்து கிடந்தவன் வாயிலிருந்து இலக்கணம் பிசகாமல் வந்தது.

"நான் வாற்பகுதியில் அமர்ந்திருந்தேன்," என்று முதல் நாள் மெதுவாகச் சொன்னான். "இடப்புற இயந்திரம் எரிந்தது. பின்னர் வலப்புறம். தலைவர் 'குதியுங்கள்' என்றார். நான் குதித்தேன். தலைவர் விமானத்தை நேராகப் பிடித்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள்..." அத்தோடு நின்றுவிட்டான். புத்தகத்தில் அதற்கு மேல் வார்த்தை இல்லை போல.

திட்டம் சுலபமானது, நடத்துவதுதான் முடியாதது. ஆற்றுப்பாலத்தைத் தாண்டிவிட்டால் அக்கரைக் காட்டில் அவனை வாங்கிக்கொண்டு போக ஆட்கள் உண்டு. பாலத்தில் இரண்டு காவலர்கள் உண்டு. அவர்கள் வண்டியில் கிடக்கும் வைக்கோலைக் கம்பியால் குத்திப் பார்ப்பார்கள். முதலில் அடக்கம் முடியட்டும், ஏழு பேரும் மண்ணுக்குள் போய்விட்டார்கள் என்று கையெழுத்து நம்பட்டும், பிறகு பார்க்கலாம் என்று முடிவாயிற்று.

அடக்கம் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு. எதிரியையும் எவ்வளவு கண்ணியமாகப் புதைக்கிறோம் என்று காட்டத் தலைமையகத்திலிருந்து புகைப்படக்காரர் வருகிறார். எட்டரை மணிக்கே ஏழு பெட்டிகளும் மூடித் திருகி வரிசையாகக் கிடந்தன. ஏழாவதில் இரண்டு மூட்டை மணல். தோள் பக்கம் கனம் கூடவும் கால் பக்கம் குறையவும் பார்த்துப் பார்த்து அடுக்கியிருந்தார். தூக்குகிறவனுக்குச் சந்தேகம் வரக்கூடாது.

அப்போதுதான் மச்சான் வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். முகத்தில் ரத்தம் இல்லை.

"மாமா. இன்னொருத்தன்."

"இன்னொருத்தன்னா?"

"செத்தவன். ஆலைக்காரம்மா குளத்துல தண்ணி மொள்ளப் போயிருக்கு. நாணலுக்குள்ள கால் தெரிஞ்சிருக்கு. வந்து நம்மகிட்ட சொல்லலாம்ல? நேரா கையெழுத்துகிட்டப் போய் ஒப்பாரி வச்சிருச்சு."

பெட்டிக்காரர் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார். இளம் வயது. எரியவில்லை. பாதி விரிந்த பாராசூட் உடம்போடு சுற்றியிருந்தது. கண் தானாக அளந்துவிட்டது: ஆறடி ஒரு அங்குலம்.

"அவரு என்ன சொன்னாரு?"

"'விமானத்துக்கு ஏழு பேரு, பெட்டியிலயும் ஏழு பேரு, அப்ப இவன் யாரு?'ன்னாரு. ரெண்டுல ஒண்ணுதானாம். ஒண்ணு, இந்த விமானத்துல எட்டுப் பேரு. இல்ல, ஒரு பெட்டி காலி. இவனை இங்க இறக்கச் சொல்லிட்டு, பின்னாடியே வராரு. ஏழையும் திறந்து பாக்கணுமாம்."



பெட்டிக்காரர் பலகை அடுக்குக்குப் பின்னால் ஓடினார். "டேய், விமானத்துல மொத்தம் எத்தனை பேரு?"

"எட்டு நபர்கள்," என்றான் அவன்.

"எட்டா!"

"ஆம். எட்டாமவர் புதியவர். விமானம் ஓட்டிப் பழகுவதற்காக எங்களுடன் வந்தார்."

"ஏன்டா இதை முன்னாடியே சொல்லல?"

"நீங்கள் வினவவில்லை."

பெட்டிக்காரருக்கு அவனை அங்கேயே உண்மையாகவே பிணமாக்கிப் பெட்டியில் போட்டுவிடலாம் போல இருந்தது. மச்சான் தலையில் கைவைத்து மரச்சீவல் குவியலில் உட்கார்ந்துவிட்டான். "இவனைத் தூக்கி மணலுக்குப் பதிலா ஏழாவதுல போட்டுருவோம் மாமா."

"போட்டா? வாசல்ல வண்டி காலி. 'எட்டாவது எங்க?'ம்பாரு. அவரு கண்ணுக்கு எட்டு உடம்பு தெரியணும். நம்மகிட்ட இருக்கறது ஏழு."

"எட்டு இருக்கு," என்றாள் மனைவி.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் ஏழாவது பெட்டியின் மேல் திருப்புளியை வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டிருந்தாள்.

"அளவுதான் எடுத்தாச்சுல்ல? படுக்கச் சொல்லுங்க."

மணலை வாரிப் பின்பக்கம் கொட்டினார்கள். அவனுக்கு விஷயத்தைப் புரியவைக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. வெறும் பெட்டியைக் காட்டி, அவனைக் காட்டி, கண்ணை மூடிக் காட்டினார்கள். அவன் எல்லோரையும் ஒருமுறை பார்த்தான். "மிக்க நன்றி," என்றான். ஒற்றைக் காலில் நொண்டி வந்து, விளிம்பைப் பிடித்து, உள்ளே படுத்தான். தலைக்கும் காலுக்கும் விரல் நுழையாத இடைவெளி. அந்த நிலைமையிலும் பெட்டிக்காரரின் கண் அதைக் கவனித்துத் திருப்திப்பட்டது. அதற்காக அவர் பிற்பாடு வெட்கப்பட்டார்.

மனைவி மரம் பூசும் சுண்ணாம்புப் பொடியை அவன் முகத்தில் தேய்த்தாள். உதட்டையும் விடவில்லை. காய்ச்சல் முகத்தில் வியர்வை அரும்பிப் பொடி திட்டுத் திட்டாகக் கரைந்தது. திரும்பத் தேய்த்தாள். "வேர்க்காதடா ராசா," என்றாள். "பொணத்துக்கு வேர்க்குமாடா?"

பெட்டிக்காரர் மூடியைத் தளர்வாகப் பொருத்தித் திருகியபோது வாசலில் லாரி வந்து நின்றது.

கையெழுத்து நாலு சிப்பாய்களோடு நுழைந்தார். கக்கத்தில் படிவக் கட்டு. எட்டாவது ஆளை வண்டியிலேயே பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"அவன் கழுத்துல அடையாள வில்லை இல்லையே?"

"குளத்துல விழுந்திருக்கும் சார்," என்றார் பெட்டிக்காரர்.

"வில்லை இல்லாதவன் என் கணக்குல ஆளே இல்ல. சரி, திற."

ஒரு மூடிக்கு எட்டுத் திருகாணி. பெட்டிக்காரர் ஒவ்வொன்றாகக் கழற்றினார். முதல் பெட்டி. கையெழுத்து குனிந்து பார்த்தார். சட்டென்று நிமிர்ந்து கைக்குட்டையைத் தேடினார். இரண்டாவது பெட்டியை ஒரு கண்ணால் பார்த்தார். மூன்றாவதிலிருந்து கூரையைப் பார்த்துக்கொண்டே, "இருக்கா?" என்று சிப்பாய்களைக் கேட்டார். "இருக்கு சார்." படிவத்தில் ஒரு டிக்.

நாலு. ஐந்து. ஆறு. இந்தப் போக்கில் போனால் ஏழாவதையும் கூரைதான் பார்க்கும் என்று பெட்டிக்காரர் மூச்சு விட்டார்.

ஏழாவது மூடியைத் தூக்கியதும், முன்னால் நின்ற சிப்பாய் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "சார், இவன் முகமெல்லாம் நல்லா இருக்கு சார்."

கையெழுத்து கைக்குட்டையை எடுத்துவிட்டுக் கிட்டே வந்தார். குனிந்தார். ஆறு பெட்டியிலும் பார்க்காத பார்வையை எல்லாம் சேர்த்து இதில் பார்த்தார்.

"சின்னப் பையனா இருக்கான்."

"ஆமா சார்."

"எரியவே இல்லையே?"

"வாலு பக்கம் சார். வாலு தனியா உடைஞ்சு போச்சு. விழுந்த அடியில போயிட்டான்."

"கண்ணு மூடியிருக்கு."

"நான்தான் சார் மூடினேன். தொழில் சார்."

கையெழுத்து அப்படியே நின்றார். பெட்டிக்குள் நெஞ்சு ஏறவில்லை, இறங்கவில்லை. எவ்வளவு நேரம் தாக்குப்பிடிப்பான்? பெட்டிக்காரர் தன்னை அறியாமல் தானும் மூச்சைப் பிடித்திருந்தார். மச்சானும். சுவரோரம் மனைவியும். அந்தப் பட்டறையில் அப்போது மூச்சு விட்டுக்கொண்டிருந்தவர்கள் கையெழுத்தும் அவர் சிப்பாய்களும் மட்டுமே.

"இவன் வில்லையை இன்னும் தரலையே நீ. ஆறுதான் வந்துச்சு."

"மறந்துட்டேன் சார். இதோ." சிப்பாய் கை நீட்டுவதற்குள் பெட்டிக்காரர் பாய்ந்து குனிந்து, தன் முதுகால் பெட்டியை மறைத்து, சட்டைக்குள் கைவிட்டுக் கயிற்றை அறுத்தார். அவர் முதுகின் மறைவில் அவன் ஒரு வாய் காற்றை உறிஞ்சிக்கொண்டான். அவர் நிமிர்ந்து, வில்லையை அதிகாரியின் உள்ளங்கையில் வைத்தார்.

கையெழுத்து வில்லையைப் பார்த்தார். பிறகு பெட்டிக்காரரைப் பார்த்தார்.

"சூடா இருக்கே."

பெட்டிக்காரர் திருப்புளியைத் தூக்கிக் காட்டினார். "என் கை சார். காலையிலேர்ந்து திருப்புளி பிடிச்ச கை. தொட்டுப் பாருங்க."

நீட்டினார். பிணங்களைத் தூக்கிய கை. கையெழுத்து ஓரடி பின்னால் போனார். "வேணாம், வேணாம்." வில்லையை விரல் நுனியில் பிடித்துச் சிப்பாயிடம் கொடுத்தார். படிவத்தில் ஏழாவது டிக். "மூடு."

மூடியை வைத்தார் பெட்டிக்காரர். எட்டுத் திருகாணியையும் முடுக்கினார். அதிகாரி பார்த்துக்கொண்டிருந்ததால் ஒன்றையும் தளர்வாக விட முடியவில்லை. தன் மூடி எவ்வளவு இறுக்கமாகப் பொருந்தும் என்று வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்குப் பயமாக இருந்தது.

"ஆக, எட்டுப் பேரு," என்றான் மச்சான், உதவியாக இருக்கட்டும் என்று.

"யாரு சொன்னா?" கையெழுத்து அவன் பக்கம் திரும்பினார். "தந்தியில ஏழு. குழி ஏழு. படிவத்துல வரியே ஏழுதான் அச்சடிச்சிருக்கான். இதுல எட்டுன்னு நான் எழுதினா, முதல்ல ஏன் ஏழுன்னு எழுதினேன்னு ஒரு படிவம் எழுதணும். அந்தப் படிவம் என்கிட்ட இல்ல."

"அப்ப இவன்?" மச்சான் வாசலைக் காட்டினான்.

"இவனை எங்கயாவது கொண்டு போய்ப் புதை. எங்கன்னு என்கிட்ட சொல்லாத. எனக்குத் தெரியாது. நான் பாக்கல." சிப்பாய்களிடம், "ஏழையும் லாரியில ஏத்துங்க," என்றார்.

ஏழையும். மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டாள். நேரம் ஒன்பதே முக்கால். கல்லறைத் தோட்டம் போய்ச் சேர ஐந்து நிமிஷம். குழிகள் வெட்டித் தயார். உள்ளே இருப்பவனுக்கோ வெளியே என்ன நடக்கிறது என்று புரியக்கூடிய அளவுக்கு அந்தப் புத்தகத்தில் பாடமில்லை.

ஆறு பெட்டிகள் ஏறின. ஏழாவதைத் தூக்க இரண்டு சிப்பாய்கள் குனிந்தார்கள். "இது நம்ம பங்கு சார்," என்று பெட்டிக்காரர் தலைப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். கால் பக்கத்தைச் சிப்பாய் பிடித்தான். தூக்கினார்கள். வாசற்படி வந்தது. பெட்டிக்காரர் முப்பது வருஷத்தில் ஒரு பெட்டியைக்கூடத் தரையில் தட்டவிட்டதில்லை. இப்போது கல்படிக்கு நேராகப் பார்த்து, கையை விட்டார்.

பெட்டி மூலை கல்லில் மோதியது. அடிப்பலகை நீளவாக்கில் படக்கென்று பிளந்தது. உள்ளே ஒரு முனகல்.

"ஐயோ என் காலு!" என்று பெட்டிக்காரர் தெருவே கேட்கும்படி அலறி உட்கார்ந்தார். பெட்டி தொடாத காலைப் பிடித்துக்கொண்டு விடாமல் அலறினார்.

"என்னய்யா இது!" கையெழுத்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பலகை விட்டுப்போச்சு சார். இப்படியே தூக்கினா நடுவழியில கொட்டிரும் சார். படம் எடுக்கற ஆளு முன்னாடி கொட்டினா..."

கையெழுத்தின் முகம் அந்தப் படத்தைக் கற்பனை செய்து பார்த்தது.

"அடிப்பலகை மாத்தணும் சார். கால் மணி நேரம்."

"மண்ணுக்குள்ள போற பெட்டிக்கு அடிப்பலகையை யாருய்யா பாக்கப் போறான்? ரெண்டு ஆணி அடி, ஏத்து."

"ஆணியா?" பெட்டிக்காரர் கால் வலியை மறந்துவிட்டு எழுந்து நின்றார். இந்த இடத்தில் மட்டும் அவர் நடிக்கவில்லை. "என் பட்டறைப் பெட்டியில ஆணியா? நீங்க என்னைச் சுட்டாலும் சரி சார், ஆணி அடிக்க மாட்டேன்."

ஒரு கணம் அது நடந்துவிடும் போலத்தான் இருந்தது. அதிகாரி இடுப்பைத் தொட்டார். தொட்டது பேனாவுக்காக. ஒரு தாளைக் கிழித்து எழுதினார்: 'பெட்டி ஒன்று பழுது நீக்கப் பெற்றுக்கொண்டேன், பத்தே கால் மணிக்குள் ஒப்படைப்பேன்.' பெட்டிக்காரர் கையெழுத்துப் போட்டார்.

"அந்த வண்டியிலயே கொண்டு வா. பாலத்துக் காவலையும் அடக்கத்துக்கு வரச் சொல்லியாச்சு, மரியாதை வேட்டுக்குப் பன்னெண்டு துப்பாக்கி வேணும்னு தலைமையகத்துல எழுதியிருக்கான். என்கிட்ட இருக்கறதே பன்னெண்டு பேருதான். ஒரு ஆளை விட்டுட்டுப் போக முடியாது. ஏமாத்தினே..."

"கையெழுத்துப் போட்டிருக்கேனே சார்."

லாரி போயிற்று. தெருமுனை திரும்பும் வரை மூவரும் அசையவில்லை. பிறகு பெட்டிக்காரரும் மச்சானும் ஆளுக்கொரு பக்கம் திருகாணியில் விழுந்தார்கள். மூடி திறந்தபோது அவன் நீலம் பாரித்திருந்தான். மனைவி அவனை உட்கார வைத்து முதுகில் ஓங்கித் தட்டினாள். காற்று உள்ளே போன சத்தம் இழைப்புளி இழுத்த மாதிரி இருந்தது.

"பாலத்துல ஆளில்ல," என்றான் மச்சான். இப்போதுதான் அவன் மூளை வேலை செய்ய ஆரம்பித்திருந்தது. "மாமா, அடக்கம் முடியற வரைக்கும் பாலத்துல ஒருத்தனும் இல்ல!"

"முதல்ல பெட்டி போகட்டும். நீ இறக்கி வச்ச கையோட திரும்பி வந்து இவனை ஏத்திக்கிட்டுப் போ. ஒரு ரசீது வாங்க நிக்காத."

எட்டாவது ஆளை உள்ளே தூக்கி வந்தார்கள். பெட்டிக்காரர் அடிப்பலகையை மாற்றினார். கை தானாக வேலை செய்தது. பத்து மணி தாண்டியிருந்தது. அப்புறம் அந்த ஆளை அஞ்சடி ரெண்டங்குலப் பெட்டியருகே கிடத்திவிட்டு நின்றார்.

"போடுங்க மாமா."

"காலு?"

"மடக்குங்க."

பெட்டிக்காரர் நின்றபடியே இருந்தார். நேரமிருந்தால் நீளப் பெட்டி ஒன்று செய்துவிடுவார். பலகைகூட இருந்தது. நேரம்தான் இல்லை.

பலகை அடுக்கைப் பிடித்துக்கொண்டு நொண்டி வந்தவன், தரையில் உட்கார்ந்தான். பெட்டிக்காரரின் கையை விலக்கிவிட்டு, இறந்தவனின் முழங்கால்களைத் தானே மெதுவாக மடக்கினான். ஒருக்களித்துப் படுக்க வைத்தான். தன் பாஷையில் ஏதோ சொன்னான். அது மனப்பாடம் பண்ணியது மாதிரி இல்லை. பிறகு நகர்ந்துகொண்டு, "மூடலாம்," என்றான்.

பத்தேகாலுக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது ஏழாவது பெட்டி கல்லறைத் தோட்டத்தில் இறங்கியது. மச்சான் குதிரையைத் திருப்பினான். பெட்டிக்காரர் மட்டும் நின்றார். புகைப்படக்காரர் ஏழு பெட்டிகளையும் ஒரே சட்டத்துக்குள் அடக்குவதற்காக எல்லோரையும் இரண்டு முறை தள்ளி நிற்கச் சொன்னார். பன்னிரண்டு துப்பாக்கிகளும் வானத்தைச் சுட்டன. ஒவ்வொரு வேட்டுக்கும் பெட்டிக்காரர், வண்டி இப்போது எங்கே இருக்கும் என்று கணக்குப் போட்டார்: தெருமுனை, சந்தை, ஆற்றங்கரை. கையெழுத்து உரை நிகழ்த்தினார். எதிரியாயினும் ஒவ்வொரு வீரனுக்கும் அவனுக்குரிய இடம் தரப்படும் என்றார். இன்னும் கொஞ்ச நேரம் பேசமாட்டாரா என்று அவர் பேச்சுக்கு ஏங்கிய ஒரே ஆள் அன்று பெட்டிக்காரர்தான்.

வீட்டுக்கு வந்தபோது பலகை அடுக்குக்குப் பின்னால் யாரும் இல்லை. மனைவி அங்கே தரையைக் கழுவிக்கொண்டிருந்தாள். "பத்தரைக்கே போயாச்சு," என்றாள்.

பன்னிரண்டாயிற்று. ஒன்றாயிற்று. அக்கரைக்குப் போய் வர அவ்வளவு நேரம் ஆகாது. இரண்டு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. மச்சான் தட்டமாட்டான், உதைத்துத் திறப்பான்.

கையெழுத்து தனியாக வந்திருந்தார். "ஏழு பெட்டி அடக்கமாச்சுன்னு ஒரு கையெழுத்து." படிவத்தை நீட்டிவிட்டு, பட்டறையைச் சுற்றிப் பார்த்தார். வாசலையும் பார்த்தார். "வண்டி எங்க?"

மனைவியின் கையில் துடைப்பம் நின்றது.

"பாலத்துப் பசங்க திரும்பிப் போகும்போது புதுசா சக்கரத் தடம் பாத்திருக்காங்க. குதிரை வண்டித் தடம். ஊர்ல வண்டி ஒண்ணுதான். எங்க போச்சு?"

பெட்டிக்காரர் பேனாவைத் திறந்தார். மூடினார்.  பிறகு, வாழ்நாளிலேயே மிக மெதுவாக, ஒரு வாக்கியத்தைச் சொன்னார்.

"எட்டாவது ஆளைப் புதைக்கப் போயிருக்கான் சார். அக்கரையில எந்த இடம்னா..."

"ஷ்ஷ்!" அதிகாரி இரண்டு கையையும் தூக்கினார். கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "நான் கேக்கல. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னேன்ல? எட்டாவதுன்னு ஒருத்தன் கிடையாது."

"கிடையாது சார்."

"அப்ப தடமும் கிடையாது. பசங்ககிட்ட நான் சொல்லிக்கறேன்." படிவத்தைக் காட்டினார். "இங்க. ஏழு."

பெட்டிக்காரர் ஏழாவது வரியின் கீழே கையெழுத்துப் போட்டார். கையெழுத்து அதை ஊதி, மடித்து, சட்டைப் பைக்குள் வைத்துத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

மூன்றரைக்குக் கதவு உதைத்துத் திறந்தது. மச்சான் நனைந்த சாக்கு மாதிரி உள்ளே வந்து சீவல் குவியலில் விழுந்தான்.

"விட்டாச்சு. அச்சாணி கழண்டுபோச்சு அக்கா, காட்டுக்குள்ள. அதான் லேட்டு. ஆளுங்க வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க. பொழைச்சுக்குவான்."

மனைவி துடைப்பத்தைப் போட்டுவிட்டுத் தம்பி தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள். அப்புறம் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

பெட்டிக்காரர் அதற்காகத்தான் காத்திருந்தவர் போல, நாற்காலியை இழுத்து மச்சான் எதிரில் போட்டார். "அந்த நெட்டையன் பேரு என்னன்னு கேட்டியா? அவன் குழியில ஒரு குறியாவது போட்டு வைக்கலாம்னு பாத்தேன்."

"கேட்டேன் மாமா."

"என்ன பேரு?"

மச்சான் சட்டையில் ஒட்டிய சீவலை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டான்.

"அவனுக்கே தெரியல. இவங்க ஏழு பேரும் ரெண்டு வருஷமா ஒண்ணாப் பறந்தவங்களாம். நெட்டையன் அன்னிக்குத்தான் முதல் தடவையாம். ஏறும்போது கை குலுக்கிப் பேரு சொல்லியிருக்கான். இன்ஜின் போட்டுட்டாங்களாம், இவன் காதுல விழலையாம். சரி, திரும்பி வந்து கேட்டுக்கலாம்னு இருந்துட்டானாம்."